வாய்க்கால் முதலில், சாலை பிறகு: கடலூரின் ஓரத்து நகர் ஒன்று மாநகராட்சியின் நிதிக் கணக்குக்குள் வந்த அனுபவம்

கடலூர் 1866ஆம் ஆண்டிலேயே நகராட்சியாக அமைக்கப்பட்ட பழைய ஊர். 2021ஆம் ஆண்டு அது மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டது. இந்த நீண்ட வரலாற்றின் பலன் மஞ்சக்குப்பத்துக்கும் திருப்பாதிரிப்புலியூர்க் கடைத்தெருவுக்கும் கிடைத்த அளவுக்கு, ரயில் பாதைக்கு மேற்கே குடியிருக்கும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. வயலை மனைகளாகப் பிரித்து 1980களில் விற்ற தனியார் மனைப்பிரிவு எங்கள் நகர். பாதி வீடுகள் வந்த பிறகும் மண் தெரு, தெருவுக்கு ஒன்றிரண்டு விளக்குகள், ஐப்பசி பிறந்தால் வாசல்வரை தண்ணீர் என்பதே பல ஆண்டுகளாக எங்கள் நிலைமை. மனு கொடுக்காத அலுவலகம் இல்லை. ஒவ்வொரு மனுவுக்கும் "நிதி ஒதுக்கீடு பெறப்பட்டவுடன் பரிசீலிக்கப்படும்" என்ற ஒரே பதில் வந்தது.

வேறொரு நகராட்சியின் கணக்குப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற பிறகு எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் பொருளாளர் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன். பணியில் இருந்த காலத்தில் மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து நான் கண்ட உண்மை ஒன்று உண்டு. ஆண்டுக் கடைசியில் திடீரென்று ஒரு மானியம் வந்து சேரும்போது, அதை உடனே செலவிடத் தகுதியான வேலை எது என்று அதிகாரிகள் தேடுவார்கள். நிலத்தின் உரிமை தெளிவாகவும், நிலத்தின் உயர இறக்கத்தை அளந்து மட்டம் எடுக்கப்பட்டும், மதிப்பீடு தயாராகவும், எந்தக் கணக்குத் தலைப்பில் செலவு எழுதலாம் என்பது தீர்மானமாகவும் உள்ள வேலைக்கே அந்தப் பணம் போகும். தேவை அதிகமுள்ள தெருவுக்கு அது தானாகப் போய்விடுவதில்லை. ஆகவே கேட்பதை நிறுத்தாமல், கேட்கும் முறையை மாற்ற வேண்டும் என்று சங்கத்தில் சொன்னேன். அடுத்து வந்த ஆண்டுகளில் நாங்கள் செய்ததெல்லாம் இந்த ஒரு எண்ணத்தின் விரிவுதான்.

முதல் தடை பணம் அல்ல, பத்திரம். மாநகராட்சி ஒரு தெருவில் சாலை போட வேண்டுமானால் அந்தத் தெரு மாநகராட்சியிடம் ஒப்படைக்கப்பட்டதாக இருக்க வேண்டும். தனியார் பெயரில் உள்ள நிலத்தில் பொதுப் பணத்தைச் செலவிட்டால் தணிக்கையில் ஆட்சேபணை எழும். முறையாக அங்கீகாரம் பெறும் மனைப்பிரிவுகளில் சாலைகளையும் பொது ஒதுக்கீட்டு இடத்தையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்த பிறகே இறுதி அனுமதி கிடைக்கும். எங்களுடையதைப் போன்ற பழைய அங்கீகாரமற்ற மனைப்பிரிவுகளில் அது நடக்கவில்லை. 2016 அக்டோபர் 20ஆம் தேதிக்கு முன் பதிவான மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் தமிழக அரசு விதிகள் கொண்டுவந்தபோது எங்களில் பலர் கட்டணம் செலுத்தித் தனித்தனியே தங்கள் மனையை ஒழுங்குபடுத்திக்கொண்டார்கள். ஆனால் மனை ஒழுங்கானதே தவிர, அதன் முன்னால் உள்ள தெரு யாருடையது என்ற கேள்வியை யாரும் எழுப்பவில்லை. நில அளவைப் பதிவேட்டின் நகலை வாங்கிப் பார்த்தபோது, எங்கள் தெருக்களில் பாதிக்கும் மேற்பட்டவை இன்னும் மனை விற்றவரின் பெயரிலேயே இருந்தன. அவர் காலமாகி நெடுநாள் ஆகியிருந்தது.

வாரிசுகள் வெவ்வேறு ஊர்களில் இருந்தார்கள். மூத்த மகள் வண்டிப்பாளையத்தில் இருக்கிறார் என்று தெரிந்து, சங்கச் செயலாளரும் நானும் போய்ப் பார்த்தோம். எண்பதைத் தாண்டிய அந்த அம்மாள் நாங்கள் நீட்டிய வரைபடத்தை மடியில் விரித்து, ஒவ்வொரு தெருவாக விரலை வைத்து, இது எந்தக் கிணற்றடி, இது எந்தக் களத்துமேடு என்று சொல்லிக்கொண்டே வந்தார். பிறகு, "ரோடு போடறதுக்குக் கையெழுத்துன்னா நான் போடாமலா இருப்பேன் தம்பி? இத்தனை வருஷமா யாரும் வந்து கேக்கலையே" என்று செயலாளரைப் பார்த்துச் சொன்னார். மற்ற வாரிசுகளிடம் பேசி அழைத்து வந்ததும் அவர்தான். மாநகராட்சி ஆணையர் பெயருக்குத் தானப் பத்திரம் பதிவாகி, பதிவேட்டில் தெருக்கள் பொதுச்சாலையாக மாறிய நாளில் எங்கள் நகரில் ஒரு கல்கூட நகரவில்லை. ஆனாலும் எங்கள் முயற்சிகளில் மிகப் பெரியது அதுதான் என்று இன்றும் கருதுகிறேன். உங்கள் தெருவுக்குச் சாலை வரவில்லை என்றால், முதலில் அந்தத் தெருவின் சர்வே எண்ணுக்கு நகல் வாங்கிப் பாருங்கள். பழைய மனைப்பிரிவுகளில் வாரிசுகள் உயிரோடும் இணக்கமாகவும் இருக்கும் காலத்திலேயே இதை முடித்துக்கொள்வது நல்லது. ஒரு தலைமுறை தாண்டினால் கையெழுத்திட வேண்டியவர்கள் மூன்று மடங்காகிவிடுவார்கள்.

அடுத்தது, எது முதலில் என்ற விவாதம். எங்கள் நகரில் மேட்டுப் பகுதியில் மாதச் சம்பளக்காரர்களும், பள்ளத் தெருவில் கட்டடத் தொழிலாளர்களும் மீன் விற்கும் பெண்களும் குடியிருக்கிறார்கள். மேட்டுத் தெருக்காரர்கள் சிமென்ட் சாலை வேண்டும் என்றார்கள். பள்ளத் தெருப் பெண்கள், சாலையை உயர்த்திப் போட்டால் அந்தத் தண்ணீரும் எங்கள் வீட்டுக்குள் வரும், முதலில் வாய்க்காலைச் செய்யுங்கள் என்றார்கள். கூட்டம் சற்றுச் சூடாகவே நடந்தது. கடலூரில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் இருக்க முடியும் என்பது என் உறுதியான கருத்து. கெடிலம், தென்பெண்ணை, உப்பனாறு, பரவனாறு எல்லாம் வந்து கடலைத் தொடும் தட்டையான நிலம் இது. ரயில் நிலையப் பெயர்ப்பலகையில் கடல் மட்டத்திலிருந்து உயரம் எழுதியிருப்பதைப் பார்த்தால் அது ஒரு சில மீட்டர்தான் என்பது தெரியும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலையும், 2015இன் பெருமழையையும், 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கனஅடிக்கு மேல் திறக்கப்பட்ட வெள்ளம் தென்பெண்ணையின் கரையோரங்களை மூழ்கடித்ததையும் பார்த்த மாவட்டம் இது. இப்படிப்பட்ட ஊரில் தண்ணீர் வெளியேறும் வழியைத் தீர்மானிக்காமல் போடப்படும் சாலை, ஒரு தெருவின் தொல்லையை இன்னொரு தெருவுக்குத் தள்ளிவிடும் வேலையாகவே முடியும். புதுப்பிக்கும்போது பழைய தார்ப்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே மேலே போட வேண்டும் என்று 2021இல் தமிழகத் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தியதும் இதே காரணத்தால்தான். தெரு உயர உயர வீடு பள்ளமாகிவிடுகிறது. அந்த அறிவுறுத்தலை எங்கள் கோரிக்கைகள் அனைத்திலும் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டோம்.

மட்டம் எடுத்த விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் எங்கள் திட்டம் முழுவதும் அதன் மேல்தான் நின்றது. பள்ளத் தெருவில் குடியிருக்கும் மேஸ்திரி ஒருவர், கட்டடத்தில் மட்டம் பார்க்கும் நீளமான ஒளிபுகும் டியூபில் தண்ணீரை நிரப்பி எடுத்து வந்தார். 2015 வெள்ளத்தின்போது தண்ணீர் நின்ற உயரம் பல வீட்டுச் சுவர்களில் கறையாக இன்னும் இருந்தது. அந்தக் கறைகளையெல்லாம் முதலில் நீல வண்ணத்தால் கோடிட்டோம். பிறகு டியூபின் ஒரு முனையை ஒரு கோட்டில் வைத்து, மறுமுனையை அடுத்த மின்கம்பத்துக்குக் கொண்டு போய், இரண்டு முனைகளிலும் தண்ணீர் அசையாமல் நிற்கும்வரை காத்திருந்து, அங்கே கோடு போட்டு, தரைக்கும் கோட்டுக்கும் உள்ள உயரத்தை அளந்து எழுதிக்கொண்டே ரயில் பாதையின் கீழுள்ள சிறுபாலம்வரை நடந்தோம். பாலத்தின் கண் முக்கால்வாசி மண்மூடிக் கிடந்தது. மேஸ்திரி கடப்பாரையை இறக்கி, கல்தளம் தட்டுப்படும் ஆழத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அக்கா, நம்ம தெருவ விட இந்தப் பாலத்தோட அடி நாலடி இறக்கமா இருக்கு. தண்ணி போகாம நிக்குதுன்னா நடுவுல சேந்த மண்ணுதான் காரணம்."

இந்த நாலடிதான் எங்களுக்கு வேண்டிய செய்தி. பள்ளத் தெருவில் இரண்டரை அடி ஆழத்தில் வாய்க்கால் தொடங்கினாலும், பாலம்வரை உள்ள ஏறத்தாழ அறுநூறு மீட்டருக்கு ஒன்றரை அடி வாட்டம் (சரிவு) மிஞ்சும். அது தாராளமான வாட்டம் அல்ல. ஆனாலும் தொடர்ந்து தூர் எடுத்து வந்தால் தண்ணீர் ஓடும். ரயில் பாதையின் கீழே புதிய பாலம் அமைக்க வேண்டுமானால் ரயில்வேயிடம் முன்பணம் கட்டி, அவர்கள் வழியாகவே வேலை நடக்க வேண்டும். அதற்கு ஆகும் செலவையும் காலத்தையும் நினைத்தால் எங்கள் நகருக்கு அது எட்டாத காரியம். இருக்கும் பாலத்தின் அடிமட்டத்தையே மாறாத புள்ளியாக வைத்து, அங்கிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு தெருவின் வாய்க்கால் மட்டத்தையும் சாலை மட்டத்தையும் குறித்தோம். பின்னர் மாநகராட்சிப் பொறியியல் பிரிவினர் தங்கள் கருவியால் எடுத்த மட்டங்கள் எங்களுடைய அளவோடு பெரும்பாலும் ஒத்துப்போனதால், விரிவான திட்ட அறிக்கை தயாரிப்பதற்குத் தனி ஆலோசகரை எதிர்பார்க்கத் தேவை ஏற்படவில்லை. ரயில் பாதைக்கு அப்பால் உப்பனாற்றுக்குப் போகும் கால்வாய் நீர்வளத் துறையின் பொறுப்பில் இருந்ததால், அதைத் தூர்வாரும் கோரிக்கையை அந்தத் துறைக்குத் தனியாக வைத்தோம்.

உப்பனாற்றில் கடலின் ஏற்ற இறக்கம், அதாவது ஓதம், தெரியும். மழையும் ஓதமும் ஒன்றாக வரும் நேரத்தில் சில மணி நேரம் தண்ணீர் வெளியேறவே வெளியேறாது. அந்தச் சில மணி நேரத்துக்குத் தண்ணீர் எங்கே நிற்கும் என்பதற்கும் திட்டத்தில் பதில் இருக்க வேண்டும். எங்கள் நகரின் கிழக்கு மூலையில் ஆகாயத்தாமரை மூடிய குட்டை ஒன்று இருந்தது. அதைத் தூர்த்துச் சமுதாயக்கூடம் கட்டலாம் என்ற யோசனை செல்வாக்குள்ள சிலரிடம் பலமாக இருந்தது. மட்ட வரைபடத்தைத் தரையில் விரித்து, நகரின் மிகத் தாழ்ந்த இடம் அதுவே என்று காட்டிய பிறகு அந்தப் பேச்சு அடங்கியது. குட்டையைத் தூர்வாரி, பிரதான வாய்க்காலோடு இணைக்கும் வேலையும் திட்டத்தில் சேர்ந்தது. வரைபடம் இல்லாமல் வெறும் வாயால் வாதாடியிருந்தால் அந்தக் குட்டை இன்று இருந்திருக்காது.

இனி நிதி. உள்ளாட்சியின் பணம் ஒரே பெட்டியில் கிடப்பதாகவும், விரும்பினால் எடுத்துச் செலவிடலாம் என்றும் நம்மில் பலர் நினைக்கிறோம். தமிழ்நாட்டின் நகர்ப்புற உள்ளாட்சிகளில் வருவாய் நிதி, குடிநீர் வடிகால் நிதி, தொடக்கக் கல்வி நிதி என்று தனித்தனிக் கணக்குகள் உண்டு. கல்வி வரியில் வந்த பணத்தை வாய்க்காலுக்கு எழுத முடியாது. சொத்து வரியோடு சேர்த்து நாம் கட்டும் நூலக வரி உள்ளாட்சியிடம் தங்குவதே இல்லை. இவை தவிர, மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி உள்ளாட்சிகளுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகிறது. நாம் மனை வாங்கும்போது கட்டும் 7 சதவீத முத்திரைத் தீர்வைக்குள் 2 சதவீதம் உள்ளாட்சிகளுக்கான கூடுதல் தீர்வைதான். மத்திய நிதி ஆணையத்தின் மானியம் வேறு. 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு 15ஆவது நிதி ஆணையம், கடலூர் போன்ற பத்து லட்சத்துக்குக் குறைந்த மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்குரிய மானியத்தில் 40 சதவீதத்தை நிபந்தனையற்றதாகவும், 30 சதவீதத்தைத் துப்புரவுக்கும் திடக்கழிவு மேலாண்மைக்கும், மீதி 30 சதவீதத்தைக் குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சிக்கும் என்று பிரித்தது. இவ்வளவும் வந்த பிறகு சம்பளம், ஓய்வூதியம், மின்கட்டணம், குப்பை அகற்றும் செலவு போக, புதிய வேலைக்கென்று மிஞ்சுவது குறைவு. அந்தக் குறைந்த தொகைக்கு அத்தனை வார்டுகளும் போட்டியிடுகின்றன.

எனவே எங்கள் திட்டத்தை ஒரே பெரிய கோரிக்கையாக வைக்கவில்லை. தண்ணீர் எந்த வரிசையில் ஓடுகிறதோ அந்த வரிசையிலேயே, கடைசி முனையிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு பகுதிக்கும் எந்தத் தலைப்பில் பணம் கிடைக்கும் என்று எழுதினோம். பாலத்திலும் கால்வாயிலும் தூர் எடுப்பது ஆண்டுப் பராமரிப்பு. அதற்குப் பெரிய ஒதுக்கீடு வேண்டாம். பிரதான வாய்க்காலுக்கு நிதி ஆணைய மானியத்தின் நிபந்தனையற்ற பகுதி. குட்டைக்கு மழைநீர் சேகரிப்புத் தலைப்பு. தெருச் சாலைகளுக்கு அந்தந்த ஆண்டில் மாநில அரசு அறிவிக்கும் நகர்ப்புறச் சாலைத் திட்டம். விளக்குகளுக்குச் சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி. ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் என்பதால் தொகுதி முழுவதுக்கும் அது போதாது, ஆனால் சிறிய, தனித்து நிற்கும் வேலைகளுக்குப் பொருத்தமான நிதி அது. அங்கன்வாடிச் சுற்றுச்சுவருக்கும் விளையாட்டுத் திடலுக்கும் நமக்கு நாமே திட்டம்.

நமக்கு நாமே திட்டத்தைப் பற்றி ஒரு கருத்தைப் பதிவு செய்ய விரும்புகிறேன். மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கைப் பொதுமக்கள் கட்டினால் மீதியை அரசு தரும் என்பது நல்ல ஏற்பாடுதான். ஆனால் பணமுள்ள நகர்கள் அந்த ஒரு பங்கை எளிதில் கட்டிவிட்டு அரசின் இரண்டு பங்கையும் இழுத்துக்கொள்ள முடியும். பள்ளத் தெருவில் தினக்கூலிக்குப் போகிறவர் தன் வீட்டுக்குள் சாக்கடை வராமல் இருப்பதற்கே பங்கு கட்ட வேண்டும் என்று கேட்பது நியாயம் ஆகாது. ஆகவே அடிப்படை வசதிக்கு அந்தத் திட்டத்தைத் தொடுவதில்லை என்றும், கூடுதல் வசதிக்கு மட்டுமே பயன்படுத்துவது என்றும், அந்தப் பங்கிலும் வீட்டின் அளவுக்கேற்ப வித்தியாசம் வைப்பது என்றும் சங்கத்தில் தீர்மானித்தோம்.

ஒரு வாய்க்காலைத் துண்டு துண்டாக வெவ்வேறு நிதியில் செய்வதில் உள்ள ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். ஆளுக்கு நூறு மீட்டர் என்று பிரித்துச் செய்த வாய்க்கால்கள் நம் ஊர்களில் நிறைய உண்டு. அவை ஏதோ ஒரு வீட்டு வாசலில் முடிந்து, அந்த வீட்டை நிரந்தரச் சாக்கடைக் குளமாக்கிவிடும். வெளியேறும் முனை முடியாமல் நடுவில் தொடங்கும் எந்த வேலைக்கும் சங்கம் ஒப்புதல் தராது என்று எழுத்து மூலம் தெரிவித்தோம். தேர்தலுக்கு முன் உடனே ஒரு தெருவில் வேலையைத் தொடங்கிவிடலாம் என்று வந்த வாய்ப்பு ஒன்றை இதனால் தள்ளிவைக்க நேர்ந்தது. அதற்காக எங்கள் மீது கோபப்பட்டவர்கள் உண்டு. அந்த முடிவு சரியானது என்றே இன்றும் சொல்வேன்.

சொத்து வரியைத் தொடாமல் நிதியைப் பற்றிப் பேசுவது முழுமையாகாது. 2022 ஏப்ரலில் தமிழகம் முழுவதும் வரி உயர்ந்தபோது, சென்னையைத் தவிர்த்த மாநகராட்சிகளில் 600 சதுர அடிவரையான குடியிருப்புகளுக்கு 25 சதவீதம், 1,200வரை 50, 1,800வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று அமைந்தது. வசதி எதுவும் செய்து தராமல் வரியை மட்டும் உயர்த்துவதா என்ற கோபம் எங்கள் நகரில் மிகுந்திருந்தது. அது நியாயமான கோபம். ஆனால் அந்த உயர்வுக்குப் பின்னால் இருந்த காரணத்தை எல்லோரும் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்பினேன். சொத்து வரிக்குக் குறைந்தபட்ச வீதத்தை அறிவித்து, மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஈடாக வசூலையும் ஆண்டுதோறும் உயர்த்தினால்தான் 15ஆவது நிதி ஆணையத்தின் நகர்ப்புற மானியம் கிடைக்கும் என்பது நிபந்தனை. வரி வசூல் குறைந்தால் இழப்பது வரி மட்டுமல்ல, அதைப் பின்தொடரும் மானியமும்தான். எங்கள் பிரதான வாய்க்காலுக்கு நாங்கள் குறி வைத்திருந்ததே அந்த மானியத்தைத்தான்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எங்கள் வார்டின் கேட்பு (கட்ட வேண்டிய வரி), வசூல், நிலுவை விவரத்தை வாங்கினோம். ஏழைகள்தான் வரி கட்டுவதில்லை என்று மேட்டுத் தெருவில் சிலர் நினைத்திருந்தார்கள். பட்டியல் வேறு விதமாக இருந்தது. பள்ளத் தெருவின் சிறு வீடுகளில் நிலுவை மிகக் குறைவு. பெரிய நிலுவைகள் இரண்டு இடங்களில் இருந்தன: வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்கள் வாங்கிப் போட்டிருக்கும் காலி மனைகள், பிரதான சாலையோரத்து வணிகக் கட்டடங்கள். காலி மனைகளில் பல காலிமனை வரி விதிப்புக்குள்ளேயே வரவில்லை. அங்கேதான் தண்ணீர் தேங்குகிறது, பாம்பு வருகிறது, குப்பை சேர்கிறது. நகரின் செலவைக் கூட்டும் இடம் நகருக்கு எதுவும் தராமல் இருந்தது. மனை எண் வாரியாகப் பட்டியல் தயாரித்து வருவாய்ப் பிரிவில் கொடுத்தோம், தெரிந்த உரிமையாளர்களுக்கு நாங்களே எழுதினோம். வீட்டு வரி கட்டுகிறவர்களிடம், அரையாண்டின் முதல் 30 நாட்களுக்குள் கட்டினால் 5,000 ரூபாய் உச்சவரம்புக்குள் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு என்பதை ஏப்ரலிலும் அக்டோபரிலும் வாட்ஸ்அப் குழுவில் நினைவூட்டினோம். அடுத்த ஆண்டு வார்டின் வசூல் கணிசமாக உயர்ந்தது. மன்றத்தில் எங்கள் கவுன்சிலர் நிதி கேட்டுப் பேசியபோது கையில் வைத்திருந்தது அந்தத் தாளைத்தான்.

கோரிக்கையை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். வார்டு குழுவுக்கும், வார்டின் ஒவ்வொரு பகுதியிலும் மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக்கும் விதிகள் 2022இல் அறிவிக்கப்பட்டு, அந்த ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி உள்ளாட்சி நாளில் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. பலர் அதை இன்னொரு மனு கொடுக்கும் நாளாகவே எடுத்துக்கொண்டார்கள். நாங்கள் மட்ட வரைபடம், தானப் பத்திர நகல், தோராய மதிப்பீடு, நிதித் தலைப்பு நான்கையும் ஒரே கோப்பாக வைத்து, அதைத் தீர்மானமாக நடவடிக்கைக் குறிப்பில் எழுதச் செய்து, நகலும் வாங்கிக்கொண்டோம். ஜனவரிக்குள் பொறியியல் பிரிவிடமும் கணக்குப் பிரிவிடமும் அது சேர்ந்துவிட வேண்டும். வரவு செலவுத் திட்டத்தை இறுதி செய்யும் மார்ச் மாதத்தில் போய்க் கேட்டால் காலம் கடந்துவிடும். மன்றத் தீர்மானம், நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப்புள்ளி, வேலை உத்தரவு என்று கோப்பு நகரும் ஒவ்வொரு கட்டத்திலும் அது யாருடைய மேசையில் இருக்கிறது என்பதைத் தெரிந்துவைத்திருப்பதற்கு ஒருவரை நியமித்தோம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அந்தப் பொறுப்பைச் சலிக்காமல் செய்தார்.

வேலை நடந்தபோது கண்காணிப்பை ஒப்பந்ததாரரோடு சண்டையாக மாற்றிக்கொள்ளவில்லை. வாய்க்காலின் அடிமட்டம் ஒவ்வொரு முப்பது மீட்டருக்கும் என்னவாக இருக்க வேண்டும் என்பதை மின்கம்பங்களில் வண்ணத்தால் எழுதி வைத்தோம். கான்கிரீட் போடும் முன் மேஸ்திரி டியூபை வைத்துப் பார்த்துவிடுவார். போட்ட கான்கிரீட்டின் மேல் சாக்கைப் போட்டுத் தண்ணீர் விடும் வேலையைப் பள்ளத் தெருப் பெண்கள் முறை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். வீட்டு வாசலுக்குக் குறுக்கே வாய்க்காலை மூடும் பலகைகளைச் சிமென்ட் வைத்து நிரந்தரமாகப் பூசிவிடக் கூடாது, தூக்கி எடுக்கும்படி இருக்க வேண்டும் என்பதில் மட்டும் மிகக் கண்டிப்பாக இருந்தோம். தூர் எடுக்க முடியாத வாய்க்கால் இரண்டே மழையில் நின்றுவிடும். விளக்குகளும் திடலும் பெரிய சிக்கலின்றி முடிந்தன.

பெரிய திட்டங்களுக்கு இந்த அளவு போதாது என்பதும் உண்மை. பாதாளச் சாக்கடை, குடிநீர் விநியோக மறுசீரமைப்பு போன்றவற்றுக்குக் கடன் வாங்கியே ஆக வேண்டும். அந்தக் கடனைத் திருப்பும் வருவாய் எது என்பதையும் முன்கூட்டியே பேசியாக வேண்டும். தமிழ்நாட்டில் இதற்கு நல்ல முன்மாதிரிகள் இருக்கின்றன. சென்னையோடு 2011இல் இணைவதற்கு முன் தனி நகராட்சியாக இருந்த ஆலந்தூரில், 1990களின் பிற்பகுதியில் பாதாளச் சாக்கடைத் திட்டத்துக்கு வீடுகள் தலா 5,000 ரூபாயும் வணிக இணைப்புகள் 10,000 ரூபாயும் முன்வைப்பாகக் கட்டின. நகராட்சித் தலைவரும் உறுப்பினர்களும் தெருத் தெருவாகக் கூட்டம் போட்டுக் கணக்கைச் சொன்ன பிறகே மக்கள் கட்டினார்கள். கடனும் சுத்திகரிப்பு நிலையத்துக்கான தனியார் முதலீடும் அந்த வைப்பை நம்பியே வந்தன. தனியாகக் கடன் சந்தைக்குப் போக முடியாத சிறு நகராட்சிகளும் பேரூராட்சிகளும் 2002இல் ஒன்றாகச் சேர்ந்து, குடிநீர் மற்றும் துப்புரவுக்கான கூட்டு நிதியத்தின் வழியாக 30.41 கோடி ரூபாய்க்குக் கடன் பத்திரம் வெளியிட்டதும் நம் மாநிலத்தில்தான். இவற்றில் நான் கவனிப்பது வட்டி விகிதத்தை அல்ல. மாதாமாதம் யார் எவ்வளவு கட்டுவார்கள் என்பது குழாய் புதைப்பதற்கு முன்பே வெளிப்படையாகப் பேசி முடிக்கப்பட்டது. பல ஊர்களில் சொத்து வந்து பராமரிப்பு வராமல் போவதற்குக் காரணம் இந்தப் பேச்சு நடக்காததுதான்.

எங்கள் நகரில் அந்தப் பேச்சு இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. மழைநீர் வாய்க்காலில் கழிவுநீர் விடும் வீடுகள் இன்னும் இருக்கின்றன; அதை அபராதத்தால் மட்டும் நிறுத்த முடியாது, மாற்று வழி வேண்டும். பாதாளச் சாக்கடை இணைப்புக்கான வைப்புத்தொகையை ஒரே தவணையில் கட்ட இயலாத பள்ளத் தெருக் குடும்பங்களுக்குத் தவணை வசதி தர வேண்டும் என்றும், காலிமனை வரியில் எங்கள் பகுதியிலிருந்து கூடுதலாகக் கிடைத்த தொகையை ஆண்டுதோறும் தூர்வாரும் செலவுக்கு ஒதுக்க வேண்டும் என்றும் இரண்டு தீர்மானங்களை அடுத்த பகுதி சபைக்காக எழுதி வைத்திருக்கிறோம். 2026 ஏப்ரல் முதல் ஐந்தாண்டுகளுக்கு 16ஆவது நிதி ஆணையத்தின் காலம் என்பதால், அதன் மானிய நிபந்தனைகளை வரிவரியாகப் படித்து, எங்கள் கோப்பின் நிதித் தலைப்புகளைத் திருத்தும் வேலையையும் கையில் எடுத்திருக்கிறோம். மேஸ்திரியின் மகள் பாலிடெக்னிக்கில் சிவில் படிக்கிறாள். வடக்குத் தெருக்களின் மட்டத்தை இந்த முறை அவள்தான் எடுக்கிறாள்.